மீன் நீந்தினால் ஆற்றுத் தண்ணீர் சுத்தமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "உம்கேனி ஆற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்து மீனும் நீந்தினால் பயமில்லை, குளிக்கலாம், குடிக்கலாம்." இது தவறு, ஆபத்தும் கூட.

மீனுக்குத் தேவை தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன். கழிவுநீரோடு வரும், நமக்கு வயிற்றுநோய் தரக்கூடிய ஈ.கோலை பாக்டீரியா மீனைக் கொல்லாது, கண்ணுக்கும் தெரியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர் அமைப்புகள் சேதமாகி, கழிவு ஆறுகளில் கலந்தது. கடற்கரைகளையே மூட வேண்டியிருந்தது.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பில்ஹார்சியா என்ற புழுநோயும் உண்டு. நன்னீர் நத்தையிலிருந்து வெளிவரும் அதன் நுண்புழு, தோலைத் துளைத்தே உடலுக்குள் போகும். ஒரு வாய் குடிக்கவே வேண்டாம், இறங்கி நின்றாலே போதும். பிள்ளைகளை ஆற்றில் விளையாட விடும் பெற்றோர் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, ஆற்றைப் பார்த்து எதுவுமே சொல்ல முடியாதா? முடியும். தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய மினிசாஸ் சோதனை, கல்லுக்கடியில் வாழும் சிறு பூச்சிகளை வைத்து ஆற்றின் நலத்தை மதிப்பிடுகிறது. மாசைத் தாங்காத பூச்சிகள் இருந்தால் மதிப்பெண் கூடும். ஆனால் குடிக்கலாமா என்பதை அதுவும் சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் கிருமிகளை எண்ண வேண்டும். ஒருமுறை எடுத்த மாதிரியும் போதாது. ஒரு நல்ல மழை பெய்தால் எண்ணிக்கை ஏறிவிடும்.