கைக்கு வேலை கொடுக்காத வி.ஆர்.

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் போன வாரம் என் தலையில் வி.ஆர். ஹெட்செட் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டர் உண்டாக்கிய உலகத்துக்குள்ளேயே நிற்கிற மாதிரி காட்டும் கண்ணாடியை, மாட்டிவிட்டான். உள்ளே ஏழெட்டு அறையுள்ள பெரிய வீடு. கையிலிருந்த கன்ட்ரோலரை நீட்டிப் பட்டனை அமுக்கினால் அடுத்த நொடி அங்கே போய் நிற்கலாம், நடக்கவே வேண்டாம். கழற்றியதும், "மாமா, சமையலறை எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றான். முழித்தேன். ரங்கூன் 26ஆம் தெருவில் வளர்ந்த எனக்கு இது அவமானம்! நம்ம ஊரில் தெருவுக்கு எண்தான் பெயர், கிழக்கே போகப்போக எண் ஏறும், தெற்கே ஆறு, கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேருவேன்.

யோசித்தால், எனக்கு வழி கற்றுக்கொடுத்தது அப்பத்தாவின் கை. யாராவது காளியம்மன் கோயிலுக்கு வழி கேட்டால், முகத்தில் பூசும் தனக்காக் கட்டையை அரைத்துக்கொண்டிருக்கும் கையைக் கல்லிலிருந்து எடுத்து ஈரத்தோடேயே நீட்டும். வலது இடது என்றெல்லாம் வாயில் வராது, "இப்படிப் போயி இப்படித் திரும்பு", அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாலும் ஆறு என்றால் அந்தக் கை சரியாக ஆற்றைத்தான் காட்டும்.

ஆஸ்திரேலியாவில் கூகு யிமித்தீர் மொழி பேசும் பெரியவர் ஒருவர், படகு கவிழ்ந்த கதையை 2 வருட இடைவெளியில் இரண்டு முறை சொன்னாராம். இரண்டாம் முறை வேறு திசை பார்த்து உட்கார்ந்திருந்தும், படகு கவிழ்ந்த பக்கத்தைக் கை பிசகாமல் காட்டியது. அப்புறம் 2011இல் வந்த ஓர் ஆய்வு: பொருளை மனதில் சுழற்றிப் பார்க்கும் கணக்குகளைக் கையசைத்துச் செய்யச் சொல்லப்பட்டவர்கள், பிறகு கையை அசைக்க விடாதபோதும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். கையை ஆட்டிப் பேசினால் பட்டிக்காட்டான் என்று சிரிக்கிற நம்ம படித்த கூட்டம் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

வி.ஆர். செய்கிறவர்கள் மேல் என் கோபம் இதுதான். உடம்பும் திரும்பவில்லை, காலும் நடக்கவில்லை, கைக்குக் கொடுத்த வேலை எடுப்பதும் அமுக்குவதும் மட்டும். முதுகுப் பக்கம் கையைக் காட்டினால் ஹெட்செட்டின் கேமராவுக்கு அது தெரிவதே இல்லை. மனுஷன் வழி சொல்லும்போது பாதி நேரம் பின்னால்தானே காட்டுகிறான்?

மறுநாள் வேறொரு வீட்டைப் போடச் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, நின்று திரும்பி, அப்பத்தா மாதிரியே கையை நீட்டி, "சமையலறை இப்படி, மாடிப்படி இப்படி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். ஒருநாள் விளையாட்டை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த முறை அவன் கேட்ட ஐந்து அறையில் நான்கைச் சரியாகக் காட்டினேன். ஐந்தாவதைக் காட்டும்போதுதான் அக்கா வைத்திருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டேன்.