கேமரா காட்டும் மூக்கும் காய்ச்சல் உதிர்த்த முடியும்

கொரோனாவுக்கு முன்பு எங்கள் வேலூர்ப் பக்கத்தில் அழகுக்கான அறுவை சிகிச்சை என்றால், 'அதெல்லாம் சினிமாக்காரர்கள் சமாச்சாரம்' என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இப்போதோ சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் சாதாரணக் குடும்பத்தினரே மூக்கைத் திருத்தவும் முடி நடவும் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறார்கள். இவர்களைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. முகத்தைச் சீராக்கிக்கொள்ளும் ஆசையைப் பகட்டு என்று ஒதுக்க மற்றவர்களைவிட இந்த ஊர்க்காரர்களுக்கு உரிமை குறைவு. 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்) தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை இடம் மாற்றி நிமிர்த்தத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட், அத்துடன் நிற்காமல் உட்குழிந்த மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் சீரமைத்தார். நோய் குணமாகிக் கையும் சரியான பிறகும், முகத்தைப் பார்த்தே அவர்களை ஊரார் ஒதுக்கினார்கள்.

ஆனால், இன்றைய ஆர்வத்தில் ஒரு பங்கு இல்லாத குறையைப் பார்த்து வந்தது என்பதே என் கருத்து. ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் நாள் முழுவதும் திரையில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருகிலிருந்து எடுக்கும் படத்தில் மூக்கு பெரிதாகத்தான் தெரியும்: ஓரடி தூரத்து செல்ஃபி, ஐந்தடி தூரத்துப் படத்தைவிட மூக்கைச் சுமார் 30 சதவீதம் அகலமாகக் காட்டுகிறது என்று 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்கிட்டது. எதிரே நின்று பேசும் யாருக்கும் அந்த மூக்கு தெரியாது.

முடி விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. கடும் காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது வழக்கம். கொரோனாவுக்குப் பிறகும் பலருக்கு அப்படித்தான் கொட்டியது. பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாகவே வளர்ந்துவிடும் (பாட்டிமார்கள் டைஃபாய்டு காலத்திலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள்). அந்த இடைவெளியில் பதறிப்போய் முடி நடும் நிலையத்துக்கு முன்பணம் கட்டுவது வீண்செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்றவர்களே இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது. ஆகவே, தள்ளுபடி எவ்வளவு, தவணை வசதி உண்டா என்று கேட்பதற்கு முன், கத்தியைப் பிடிக்கப்போகிறவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.