நைட்டில் ஒரு ஸ்டாஃபுக்கு எத்தனை பேஷண்ட்?

ரிசல்ட் வந்தாயிற்று, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தாயிற்று, இப்போது என் இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்விதான். "அக்கா, இந்த ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க, பதினெட்டாயிரம் சொல்றாங்க, போகலாமா?" ஆஸ்பத்திரி பெயர் மாறுகிறது, சம்பளம் ஆயிரம் ரெண்டாயிரம் ஏறி இறங்குகிறது, மற்றபடி எல்லாம் அதே. தனித்தனியாக டைப் அடிக்க முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கும் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. அங்கே நைட் டியூட்டியில் ஒரு ஸ்டாஃபுக்கு, அதாவது ஒரு நர்சுக்கு, எத்தனை பேஷண்ட்? இதுவரை கேட்ட பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட பதில் தெரியவில்லை. எத்தனை மாடி, ஹாஸ்டலில் ஏசி உண்டா, யூனிஃபார்ம் சுடிதாரா பேண்ட் சட்டையா, எந்த நடிகர் வந்து திறந்து வைத்தார் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

வென்டிலேட்டர் பேஷண்டுக்கு ஒரு ஸ்டாஃப், பொது வார்டில் ஆறு பேருக்கு ஒரு ஸ்டாஃப் என்பது ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச் ஆட்கள் பார்வையிட வரும்போது ஆஸ்பத்திரிகள் ஒப்பிக்கும் கணக்கு. (அவர்கள் வரும் அன்று மட்டும் வார்டில் ஸ்டாஃப் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.) நிஜத்தில் பல இடங்களில் இருபது கட்டிலுக்கு ஒரு ஸ்டாஃப், உதவிக்கு ஓர் அக்கா, அவ்வளவுதான். நேற்று பாஸான பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வார்டில் தனியாக நிற்பதை யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும், குளிர் நடுக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும், படித்ததுதான். அதே நேரத்தில் கோடியில் இருக்கும் ஆபரேஷன் கேஸுக்கு பிபி இறங்குகிறது, கேஷுவல்டியிலிருந்து புது அட்மிஷன் ஸ்ட்ரெச்சரில் வந்து நிற்கிறது, "சிஸ்டர் டிரிப் முடிஞ்சிருச்சு" என்று அட்டெண்டர் இரண்டாவது தடவை வந்து கத்துகிறார். இதில் யாரை விடுவது? டியூட்டி டாக்டர் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறாரா, போனில்தான் கிடைப்பாரா? அன்று ஒரு மருந்து மாறிப்போனால் விளக்கக் கடிதம் எழுதப்போவது நிர்வாகம் இல்லை, நீங்கள். காலையில் பதில் சொல்ல வேண்டியது ஒன்பது மணி இன்சார்ஜிடம் இல்லை, அந்த நோயாளியின் வீட்டு ஆட்களிடம்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் வேலையைப் பொறுத்தவரை நைட் கணக்கு சரியாக இருக்கும் இடத்தில் மூவாயிரம் குறைவாக வந்தாலும் பரவாயில்லை, சேருங்கள். முதல் ஒரு வருடத்தில் கை பழகும் விதம்தான் கடைசி வரை கூட வரும். கூட்டத்தில் ஓடியே பழகிய கை, மருந்தை இரண்டு தடவை சரிபார்க்காது, எழுத வேண்டியதை டியூட்டி முடியும்போது மொத்தமாக எழுதும். அந்தப் பழக்கத்தை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. நான் இன்சார்ஜாக இருந்து மாற்றிப் பார்த்திருக்கிறேன், அதனால் தெரியும்.

இதோடு ஒட்டிய அடுத்த கேள்வி, சேர்ந்து எத்தனை வாரம் கழித்துத் தனியாக நைட் போடுவார்கள் என்பது. நல்ல இடத்தில் ஒரு சீனியரோடு சேர்த்துப் போடுவார்கள், மருந்து கணக்கு போடச் சொல்லிப் பார்ப்பார்கள், தப்பு செய்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். மோசமான இடத்தில் மூன்றாம் நாளே சாவிக்கொத்து கைக்கு வந்துவிடும். சொந்தமாக நர்சிங் காலேஜ் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் இந்தச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பது என் அனுபவம். வேலூர் சிஎம்சியில் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்சுகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார், 1946-இல் அங்கே பட்டப் படிப்பே வந்துவிட்டது. அத்தனை காலம் மாணவிகள் வார்டில் நடந்தால் சொல்லிக்கொடுப்பது அந்த இடத்துக்கு ரத்தத்தில் ஊறிவிடும். எல்லோருக்கும் அங்கே வேலை கிடைக்காது, சரி. ஆனால் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பழைய மிஷன் ஆஸ்பத்திரியோ டிரஸ்ட் ஆஸ்பத்திரியோ இருக்கும், கட்டடம் பழசு என்று முகம் சுளிக்காமல் ஒரு நடை போய்ப் பாருங்கள். அதற்காகக் காலேஜ் போர்டு மாட்டிய இடமெல்லாம் நல்ல இடம் என்று நினைத்துவிடாதீர்கள், மாணவிகளையே சம்பளமில்லாத ஸ்டாஃபாக ஓட்டும் இடங்களும் உண்டு.

அப்புறம் சர்டிஃபிகேட். இதில் மட்டும் நான் கறார். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வேலையில் சேராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டும். என்னுடையதை முதல் ஆஸ்பத்திரியில் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். நல்ல பெயர் உள்ள இடம்தான், பெயர் வேண்டாம். இத்தனை வருடம் இருப்பேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்று சேரும்போது எழுதி வாங்குவதுதான் பாண்டு. விலகும்போது அந்தப் பாண்டு தொகை கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அப்பா ஊரிலிருந்து வந்து ஹெச்.ஆர். அறை வாசலில் சாயங்காலம் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்த பிறகுதான் கிடைத்தது. பாண்டு முறையே சுரண்டல் என்று இந்திய நர்சிங் கவுன்சில் எப்போதோ சொல்லிவிட்டது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி பார்த்தாலும், ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், பேப்பரில் லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே லட்சம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இதெல்லாம் கோர்ட்டில் பேச வேண்டியவை. சர்டிஃபிகேட் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் கோர்ட் பேச்சே வராது.

சம்பளத்துக்கு வருவோம், நான் சம்பளம் முக்கியமில்லை என்று சொல்கிற ஆள் இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு இருபதாயிரத்துக்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்சுக்கு உள்ள சம்பளம் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளாவில் நர்சுகள் சங்கமாகத் திரண்டு போராடி 2018-இல் குறைந்தபட்சம் இருபதாயிரம் என்று அரசாணையே வாங்கினார்கள். இங்கே நாம் பதினெட்டு சொன்னால் போகலாமா என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கோபம் வரத்தான் செய்கிறது, ஆனால் கோபத்தை வைத்து வாடகை கட்ட முடியாது. அதனால் பேசும்போது சிடிசி (உங்களுக்காக ஆஸ்பத்திரி செய்யும் மொத்தச் செலவு) என்ற பெரிய எண்ணை நம்பாமல் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி கட்ட வேண்டிய பிஎஃப் பங்கையும் அந்த எண்ணுக்குள் சேர்த்துச் சொல்வார்கள், ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம் பிடித்தம் வேறு. பிஎஃப் பிடிக்காமல் முழுசாகத் தருகிறோம் என்றால் சந்தோஷப்படாதீர்கள். நாளைக்கு வளைகுடா போக, சான்றுகளைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனம் உங்கள் அனுபவத்தைச் சரிபார்க்கும்போது அந்த ஆஸ்பத்திரி இழுத்தடித்தால் பிஎஃப் பாஸ்புக் ஒரு சாட்சி.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்கள் இன்னொன்றும் பாருங்கள். அங்கே பல வேலைகளுக்கு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், அதிலும் எத்தனை படுக்கை, எந்த டிபார்ட்மெண்ட் என்று பார்ப்பார்கள். முப்பது படுக்கை நர்சிங் ஹோமில் எல்லா வேலையும் கற்றுக்கொள்ளலாம், உண்மை, ஆனால் பேப்பரில் எடுபடாது. பெரிய கார்ப்பரேட்டில் சேர்ந்தும் இன்சூரன்ஸ் டெஸ்க், பேஷண்ட் கோஆர்டினேட்டர் என்று உட்கார வைத்தால் அதுவும் எடுபடாது. அங்கே நாற்காலி இருக்கும், நைட் இருக்காது, ஆசையாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஐ.வி. போடக் கை வராது.

எம்ஆர்பி (அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் தமிழக வாரியம்) பரீட்சை எழுதிவிட்டு அரசு வேலைக்காக வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு: எழுதுங்கள், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். அந்தப் பரீட்சை மூலம் 2015-இல் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்கு ஆரம்பத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் (அரசு மருத்துவத் துறை அலுவலக) வளாகத்தில் உட்கார்ந்தது பேப்பர் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதையெல்லாம் இன்டர்வியூவில் கேட்டால் வேலை தருவார்களா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். கேட்கலாம், ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுவிடுவீர்களா, வேலையில் கை தவறி ஊசி குத்திக்கொண்டால் என்ன ஏற்பாடு என்பது உட்பட. முகம் சுளித்தால் அதுவே பதில். ஆனால் உண்மையான கணக்கு இன்டர்வியூ அறையில் கிடைக்காது. காலையில் டியூட்டி மாறும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி எதிர் டீக்கடையில் போய் நில்லுங்கள், நைட் முடிந்து வரும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். அடுத்த டியூட்டி ஆளிடம் ஓவர் கொடுத்து (பேஷண்ட் விவரம் ஒப்படைத்து) முடிக்க எத்தனை மணி ஆனது, கடைசியாக ஆஃப் எப்போது எடுத்தார்கள், சேர்ந்த பேட்ச்சில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் பொய் சொல்ல யாருக்கும் தெம்பு இருக்காது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள், சொல்லாமல் ஓடி வராதீர்கள். ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள், நோட்டீஸ் நாட்களை முடியுங்கள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வார்டு, படுக்கை எண்ணிக்கை எல்லாம் போட்டு அனுபவச் சான்று கேட்டு வாங்குங்கள். எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கமெண்டில் பெயர் கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன். போன வருடம் அங்கிருந்து விலகிய உங்கள் காலேஜ் சீனியர் யாரென்று தேடுங்கள், அவள் சொல்வாள்.