விமானத்தின் எடைச் சமநிலையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

குறைந்த செலவில் ரிமோட் விமானம் செய்வது பற்றிய கட்டுரை நன்று. ஆனால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பாகத்தில் விமானத்தின் எடை சமமாக நிற்க வேண்டும் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். கரணம் அடிக்கும் விமானத்துக்கு அது தொடக்கம் மட்டுமே.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் திடலில் நானும் என் தம்பியும் பறக்கவிடுவது ஃபோம் போர்டில் செய்தது. இறக்கையின் அகலம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 20 சென்டிமீட்டர். முதல் நாள் 5 சென்டிமீட்டரில் விரலை வைத்துத் தூக்கினோம், மூக்கு லேசாகத் தாழ்ந்தது, சரி. அப்புறம் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளி 6-க்குக் கொண்டுவந்தோம். சோதனை எளிது: 45 பாகை ஏற்றத்தில் தலைகீழாகப் புரட்டிவிட்டு ரிமோட்டின் குச்சியை விட்டுவிடுங்கள். மூக்கு விறுவிறுவெனத் தரையைப் பார்த்தால் முன்பாரம். அதுவாகவே மேலே ஏறினால் பின்பாரம், உடனே இறக்கிவிடுங்கள்.

வாலில் சூட்டுப் பசையை வாரி ஊற்றாதீர்கள். வால் தூரத்தில் இருப்பதால் அங்கே கூடும் 5 கிராமுக்கு மூக்கில் இரண்டு மூன்று மடங்கு ஈயம் வைக்க வேண்டிவரும்.

இன்னொன்று, குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) மேலே எழ வேண்டும். அதை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவை மாற்றிய அவசரத்தில் நான் அது எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. விமானம் நேராகச் செம்பனை உச்சியில் போய்ச் செருகிக்கொண்டது. குலை வெட்டும் அண்ணன் ஒருவர் நீளக் கம்போடு வந்து, “இதுவும் பழுத்திருச்சா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே இறக்கிக் கொடுத்தார். மட்டை முள் இறக்கையில் 11 ஓட்டை போட்டிருந்தது. செலோடேப் ஒட்டி மறுநாளே பறக்கவிட்டோம்.