பரணில் இருந்த பச்சை ட்ரங்குப் பெட்டி

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன். அப்பா காலத்திலிருந்தே வாடகைக்கு விடுகிறோம். இத்தனை வருஷத்தில் குடியிருந்தவர்கள் விட்டுப்போன சாமான்களைக் கூட்டி வைத்தால் ஒரு சந்தையே போடலாம். கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி, மொட்டை மாடியில் துருப்பிடித்து நிற்கும் டிஷ் ஆன்டெனா, குப்பையில் போட யாருக்கும் மனசு வராத சாமி படங்கள். சாமி படத்துக்காவது வழி இருக்கிறது, தெருமுனை அரசமரத்தடியில் வைத்துவிடலாம். மற்றதை?

2013-இல் ஒரு தையல்காரப் பையனும் அவன் அம்மாவும் குடியிருந்தார்கள். அம்மா இறந்ததும் அவன் ஊரோடு போய்விட முடிவெடுத்தான். சாவியைக் கொடுத்தான், அட்வான்ஸ் கணக்கு முடிந்தது, டெம்போ கிளம்பியது. வெள்ளையடிக்க வந்தவர்தான் பரணில் அந்தப் பெட்டியைப் பார்த்தார். பச்சை பெயின்ட் அடித்த ட்ரங்குப் பெட்டி, சின்னப் பூட்டு.

அப்பா இரண்டு தடவை போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். பத்து நாள் பொறுத்தார். புது ஆள் வருகிற அன்று காலையில் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். அவர்தான் பூட்டை நெம்பித் திறந்தார். மேலே ஒரு சுங்குடிப் புடவை. அதற்குக் கீழே ஜாக்கெட் அளவு குறித்த காகிதங்கள், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் ஏதோ சர்டிபிகேட். தகரத்தைத் தனியாக எடை போட்டார், பேப்பர் பேப்பரோடு போனது. புடவையைச் சுருட்டித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பையன் வாசலில் வந்து நின்றான். "ஐயா, பரண்ல அம்மா பெட்டி ஒண்ணு இருந்துச்சு. என் மார்க் ஷீட்டு அதுலதான் இருக்கு." அப்பா, "அப்படி எதுவும் பார்க்கலியேப்பா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அலைந்து திரிந்தாவது நகல் வாங்கிவிடலாம். அந்தப் புடவைக்கு எந்த ஆபீசில் நகல் கொடுப்பார்கள்?

அப்பா கெட்டவர் இல்லை. வாடகைக்கு விடுகிற நிறையப் பேர் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார்: சாவி கைக்கு வந்துவிட்டால் உள்ளே கிடப்பதெல்லாம் நம்முடையது. அது தப்பு. நம் கைக்குத் திரும்பி வந்தது வீடு மட்டும்தான்.

சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் போகிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்திருப்பவருக்கு, ஒப்படைத்த பொருளைக் காப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்கிறது. சொந்தப் பொருளைச் சாதாரண ஆள் எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் போதும், இது அதே சட்டத்தின் 151-ஆம் பிரிவு. அடுத்தவர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 403, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. அந்தப் பிரிவின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். உரியவரைத் தேடி, தகவல் சொல்லி, நியாயமான காலம் வைத்திருந்தாயா என்றுதான் கேட்கிறது. அந்த 'நியாயமான காலம்' எத்தனை நாள் என்பதில்தான் நமக்குள் சண்டை. கலிஃபோர்னியாவில் நாள் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள்: நோட்டீஸை நேரில் கொடுத்தால் குறைந்தது 15 நாள், தபாலில் அனுப்பினால் 18.

நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு மாதம். அது எங்கிருந்து வந்தது என்றால், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, காலி பண்ணிய ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எப்படியும் அதுவரை இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்கும். அதனால் கணக்கு முடிக்கும் முன் டார்ச் அடித்து, பரண், பாத்ரூம் மேல்தட்டு, கதவுக்குப் பின்னால் எல்லாம் குடியிருந்தவரையும் கூட வைத்துக்கொண்டே பார்த்துவிடுகிறேன். முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மீதி ஏதாவது கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்பி, இன்ன தேதிவரை வைத்திருப்பேன் என்று எழுத்தில் சொல்வேன். அக்ரிமென்டிலும் இதற்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன். காகிதமாக இருந்தால் மட்டும் தேதியே கிடையாது. ஒரு ஃபைலில் போட்டு வைக்க என்ன இடம் பிடிக்கப்போகிறது?

இன்னொன்று, காஸ் சிலிண்டர். அதைப் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் கம்பெனியுடையது, கனெக்‌ஷன் அவர் பெயரில் இருக்கிறது. நாம் நடுவில் புகுந்து வியாபாரம் பண்ண என்ன இருக்கிறது?

குடியிருப்பவர்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. போன வருஷம் காலி பண்ணின மூன்று பேச்சுலர் பையன்கள் கறை பிடித்த இரண்டு மெத்தை, ஒரு செத்த இன்வெர்ட்டர் பேட்டரி, ஒரு மூட்டை பாட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். போட்டோ அனுப்பிய அடுத்த நிமிஷம் பதில்: "தூக்கிப் போட்டுடுங்க அங்கிள்." பேட்டரிக்காவது கடைக்காரர் காசு கொடுத்தார். மெத்தையை அப்புறப்படுத்த நான்தான் கொடுத்தேன். அந்தக் கூலியை ரசீதோடு அட்வான்ஸில் பிடித்தேன், அதில் எனக்குக் கூச்சமே இல்லை. பல தடவை பார்த்துவிட்டேன், உடனே போன் எடுப்பவர்களுக்குப் பொருள் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர்களின் போன்தான் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறது.

இப்போது மாடிப்படிக்குக் கீழே ஒரு வெட் கிரைண்டர் இருக்கிறது. போன ஆடிக்கு முன்னால் காலி பண்ணிய அம்மாவுடையது. "தை பொறந்ததும் வந்து எடுத்துக்கறேண்ணே" என்றார். தை போய் மாசியும் வந்துவிட்டது. போன வாரம் எங்கள் வீட்டு கிரைண்டர் மோட்டார் போய்விட்டது. என் மனைவி படிக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இவ்வளவு நியாயம் பேசுகிறவன் கேட்காமல் எப்படித் தொடுவது? போன் போட்டேன். நல்ல வேளை, எடுத்தார்.

"அதுக்கென்னண்ணே, தாராளமா அரைங்க. சும்மா கெடந்தா அதுவும் வீணாத்தானே போவும். ஆனா கல்லைக் கழுவிட்டு ஈரமா மட்டும் வைக்காதீங்க."