கேள்வி இல்லன்னா உக்காருங்க சார்

"எனக்குக் கேள்வி எதுவும் இல்ல, ரெண்டே ரெண்டு கருத்து மட்டும்." இப்படி ஆரம்பிக்கிற ஆள் கையில மைக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடுங்கப்பா, புண்ணியமாப் போகும்.

நேத்து குன்னூர்ல ஒரு நாவலாசிரியரோட பத்திரிகைப் பேட்டி. பேச்சு, போரும் ஆம்பளைத்தனமும் பத்தி. அந்தம்மா அப்பதான் சூடு பிடிச்சாங்க. முதல் உலகப் போர்ல ஓடுகாலி, கோழைன்னு பட்டம் கட்டி பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்தச் சிப்பாய்ங்க 306 பேரைச் சுட்டுக் கொன்னுச்சு, குண்டுச் சத்தத்துல புத்தி கலங்கின பசங்களும் அதுல உண்டு, 2006லதான் மன்னிப்பே குடுத்தாங்கன்னு சொல்லிட்டு, "அழுதா ஆம்பளை இல்லைன்னு அவனுக்கு யாரு..."ங்கறாங்க. எந்திரிச்சாரய்யா நம்மாளு!

மப்ளரை அவுத்தார். திரும்பச் சுத்தினார். மைக்கைத் தட்டினார். "ஹலோ, கேக்குதா?" கேக்குது சார், சிம்ஸ் பூங்கா வரைக்கும் கேக்குது. அப்புறம் பக்கத்து வெலிங்டன்ல இருக்கற பட்டாளம், மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட கதை, 1758லேர்ந்து, வருஷவாரியா. சார் பட்டாளத்துல இருந்தீங்களான்னா, இல்லையாம். வீடு பேரக்ஸ் பக்கமாம்! "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு"ன்னு அந்த ரெஜிமென்ட்டோட போர் முழக்கத்தை அவர் போட்ட சத்தத்துல முன்வரிசைக் குழந்தை வீல்னு கத்துச்சு. ஆம்பளைக் குழந்தைதான்.

அதோட விட்டாரா? புறநானூறு. "ஈன்று புறந்தருதல்"னு எடுத்து, யானையை வெட்டிட்டு வர்றது காளைக்குக் கடன்னு முடிச்சு, அந்தம்மாவைப் பாத்து ஒரு இளிப்பு. "நீங்க லேடீஸ், போர்க்களத்தைப் பத்தி எப்படி..."

யோவ், அதைப் பாடினதே பொன்முடியார்ங்கற பொம்பளைதான்யா! நேத்து புருஷனைப் பறிகொடுத்தவ இன்னைக்கு ஒத்தைப் புள்ளைக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, கையில வேல் குடுத்து அனுப்பறாளே, அந்தப் பாட்டு? ஒக்கூர் மாசாத்தியார். அவங்களும் பொம்பளைதான். அந்தப் புள்ள திரும்பி வந்தா ராத்திரி தூங்குவானா மாட்டானான்னு கேக்கத்தான் இந்தம்மா வாயைத் தொறந்தாங்க. எங்க விட்டீங்க?

அதுக்குள்ள நேரமாச்சுன்னு பொன்னாடையோட வந்துட்டாங்க. ரெண்டு பொன்னாடை. ஒண்ணு அவருக்கு! சிரிக்கிறதா அழுவுறதான்னே தெரியல. இன்னைக்குப் பேப்பர்ல படம் வேற. மைக்கோட அவர், அவர் தோளுக்குப் பின்னாடி அந்தம்மாவோட பாதி நெத்தி.

போதாக்குறைக்கு அங்க டீக்குக் குடுத்த வர்க்கி, மொறுமொறுன்னு இருக்க வேண்டிய பிஸ்கட். 2023ல புவிசார் குறியீடு வாங்கின ஊட்டி வர்க்கிங்க அது. டீயில முக்காமலே நமத்துக் கெடக்கு. இந்த ஊர்லயே இப்படின்னா மலையிறங்கி மேட்டுப்பாளையத்துக்குக் கீழ இருக்கறவன் என்னத்தைத் தின்னுட்டிருப்பான்?