அந்தக் கைதட்டலில் நானும் இருந்தேன்

2003-இல் ‘கங்காஜல்’ வந்தபோது நான் மும்பையில் வேலையில் இருந்தேன். பிரகாஷ் ஜா இயக்கிய இந்திப் படம். பீகாரில் தேஜ்பூர் என்று ஒரு கற்பனை மாவட்டம், அங்கே எஸ்.பி.யாக வரும் அஜய் தேவ்கன், ஊரையே கைக்குள் வைத்திருக்கும் சாது யாதவ், அவன் மகன் சுந்தர் யாதவ். சுந்தரின் ஆட்கள் இரண்டு பேரின் கண்ணைக் குத்தி போலீஸ்காரர்கள் ஆசிட் ஊற்றும் காட்சி வந்ததும் தியேட்டர் அதிர்ந்தது. விசில், கைதட்டல். நானும் தட்டினேன். அதற்கு முன் ஒன்றரை மணி நேரமாக அந்தக் கும்பல் செய்த அக்கிரமத்தைப் பார்த்து வயிறு எரிந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் மறுபடி பார்த்தேன். இந்த முறை அந்த இடத்தில் கை எழவில்லை.

காரணம் பாகல்பூர். 1979–80இல் பீகாரின் பாகல்பூரில் 30-க்கும் மேற்பட்டவர்களின் கண்களைப் போலீஸார் நிஜமாகவே குருடாக்கினார்கள். கோணி ஊசி போன்ற நீள ஊசியால் குத்தி, மேலே ஆசிட் ஊற்றினார்கள். அந்த ஆசிட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் கங்காஜல். 1980 நவம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் செய்தியை வெளிக்கொண்டு வந்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. சஸ்பெண்ட் ஆன போலீஸாருக்கு ஆதரவாக பாகல்பூர் மக்கள் ஊர்வலம் போனார்கள்.

இந்த மக்கள் மனநிலையைப் படம் அருமையாகப் பிடித்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். போலீஸ் செய்ததை ஊரும் செய்யத் தொடங்குகிறது. அதிகாரி பதறிப்போய்த் தடுக்கப் பார்க்கிறார். தட்டிய கைகளைத் திருப்பி நம்மிடமே காட்டும் துணிச்சல் எத்தனை மசாலா படங்களுக்கு உண்டு? சமூகப் பிரச்சினை பற்றிய சிறந்த படம் என்ற தேசிய விருது அதற்குத் தகும்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. படத்தில் கண் போகிறவர்கள் அயோக்கியர்கள் என்பதை நாம் நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். சந்தேகத்துக்கே இடமில்லை. பாகல்பூரில் கண்ணை இழந்தவர்கள் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகளா என்று எந்த நீதிமன்றமும் முடிவு செய்திருக்கவில்லை. அந்தச் சந்தேகத்தை எடுத்துவிட்டால் பாகல்பூரின் கொடுமையில் பாதி காணாமல் போகிறது. படம் எடுத்துவிட்டது.

எட்டு வருடம் கழித்து, 2011-இல், அதே அஜய் தேவ்கன் ‘சிங்கம்’ படத்தில் போலீஸ். நம்ம தமிழ் ‘சிங்கம்’ படத்தின் இந்தி ரீமேக்தான். அங்கே முடிவில் போலீஸாரே சேர்ந்து வில்லனைச் சுட்டுவிட்டு, தற்கொலை என்று ஜோடிக்கிறார்கள். தடுத்து நின்ற அதிகாரி போய், ஜோடித்துத் தரும் அதிகாரி வந்துவிட்டார். கைதட்டலுக்கு மட்டும் குறைவில்லை.

பாகல்பூர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ‘கத்ரி எதிர் பீகார் அரசு’ என்று நடந்தது. நீதிபதி பி.என்.பகவதி அமர்வு. ஏழைக் கைதிகளுக்கு வக்கீல் வைத்துக்கொடுக்கப் பணமில்லை என்று மாநில அரசு சொல்லிப் பார்த்தது. அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. மாஜிஸ்திரேட் முன் முதல் தடவை நிறுத்தும்போதே இலவச சட்ட உதவி கொடுத்தாக வேண்டும் என்றது. இன்று கைதாகும் எந்த ஏழைக்கும் இருக்கும் அந்த உரிமைக்குப் பின்னால் இந்த மனிதர்களின் கண்கள் இருக்கின்றன.

அந்தத் தீர்ப்பில் ஒரு இடம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. கண் சிதைந்த நிலையில் கைதிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணில் எப்படிக் காயம் வந்தது என்று மாஜிஸ்திரேட்டுகள் கேட்கவே இல்லை. ஆசிட் இல்லாத, சத்தமே இல்லாத காட்சி அது. ‘கங்காஜல்’ படத்தில் நான் தேடியது அதைத்தான்.